சந்தேகப்படாமல் வாசித்த ஒரு நாள்

அக்கா,

நேற்று மத்தியானம் இவர் மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நான் கேட்கவில்லை. வீட்டில் விசேஷமும் இல்லை, விருந்தாளியும் இல்லை. பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "பழம் நல்லா இருந்துச்சு, அதான்" என்றார். எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

இருபத்துநாலு வருஷமாக இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறேன். சீட்டில் எழுதிக் கொடுத்ததைத்தான் வாங்கி வருவார். எழுத மறந்த கொத்தமல்லித்தழையைக்கூட வாங்க மாட்டார். அப்படிப்பட்டவர் தானாக மாதுளை வாங்கினால் சும்மாவா இருக்கும்? வெள்ளிக்கிழமைதான் எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை வரும் என்றார்கள். நேற்று திங்கள். ஒரு நாள் முன்னாலேயே வந்து, நேராக இவர் போனுக்குப் போய்விட்டதோ?

நீங்கள் இருந்திருந்தால் அந்த நிமிஷமே கூப்பிட்டிருப்பேன். நீங்களும் பதறாமல், "எத்தன பழம்?" என்றுதான் முதலில் கேட்டிருப்பீர்கள். ஒன்றிரண்டு என்றால் ஆசைக்கு வாங்கியது, அதற்கு மேல் என்றால் ரிப்போர்ட்டில் ஏதோ இருக்கிறது என்பது உங்கள் கட்சி. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நாம் இப்படி எத்தனை அடையாளம் கண்டுபிடித்து வைத்திருந்தோம்! எப்போதும் முணுமுணுக்கிற மாமியார் திடீரென்று "நீ படு, நான் பாத்துக்கிடுதேன்" என்பது. பம்பாய் நாத்தனார் லீவு இல்லாத மாசத்தில் வந்து இறங்குவது. நாம் அறைக்குள் நுழைந்ததும் டி.வி. சத்தம் கூடுவது. பையைத் திறந்து எண்ணினேன். ஆறு பழம், அக்கா.

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. நீங்கள் இருந்தவரை உங்களிடம் நான் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்காரர்களுக்குச் செவ்வாய்தான். மார்பில் வந்து, வெட்டி எடுத்து, முடிந்தது என்று நிம்மதியாக இருந்து, பிறகு வேறு இடத்தில் தலைகாட்டிய வியாதி நம் இரண்டு பேருக்கும். எனக்கு எலும்பில், உங்களுக்கு நுரையீரலில். தீர்க்க முடியாது, மருந்தால் அடக்கி வைத்துக்கொண்டு வாழலாம், எத்தனை வருஷம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கதவருகே நின்ற நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்தேன். "நீங்க இருங்கம்மா, கூட வந்தவங்க மட்டும் உள்ள வரட்டும்" என்றார். இவர் உள்ளே போனார். பிறகு உங்கள் பெயர். உங்கள் மூத்த மகள் உள்ளே போனாள். நம் உடம்பைப் பற்றிய பேச்சு உள்ளே நடக்கிறது, நாம் வெளியே பெஞ்சில் பைகளுக்குக் காவல் இருக்கிறோம்.

என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ என்ன மீனு?" என்று கேட்டீர்கள். நான் முழித்தேன்.

"எங்க உவரியில கரையில மீன ஏலம் போடுவாவ. தரையில கொட்டி, சுத்தி நின்னு ஆளாளுக்குப் பேசுவாவ. யாராவது மீனுகிட்ட ஒரு வார்த்தை கேப்பாவளா? இங்கயும் அதான் நடக்கு. நான் சீலா. நீ என்னன்னு கேட்டேன்."

யோசித்து, "நெத்திலி" என்றேன். அந்த வராந்தாவில் நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

உங்கள் மகள் வெளியே வந்து, "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நல்லாருக்காம்" என்றாள். நீங்கள் அவள் தாடையைப் பிடித்துத் தூக்கி, கண்ணுக்குள் பார்த்தீர்கள். முப்பது வருஷமாக உவரி மீனை வேனில் ஏற்றி, வள்ளியூர், நாங்குநேரி, பாளையங்கோட்டை என்று சந்தை சந்தையாக விற்ற கை அது. "மீனுன்னா செவுளத் தூக்கிப் பாத்தாத் தெரிஞ்சுரும். இவளுக்கு எதத் தூக்கிப் பாக்க?" என்று என்னைக் கேட்டீர்கள். மகள் அங்கேயே அழுதுவிட்டாள். அன்றைக்கு ரிப்போர்ட் நன்றாக இல்லை என்பது உங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

எனக்குப் பத்திரம் எழுதுகிற தொழில் என்று தெரிந்ததும் உங்களுக்கு ஒரே சந்தோஷம். ஒரு இடத்தின் மேல் முன்னால் யார் யாருக்கு என்ன பாத்தியதை, எங்கே வழக்கு, எதில் கடன் என்று வில்லங்கம் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டேன் என்று நான் பெருமையாகச் சொல்லப்போக, அன்றிலிருந்து என் பெயரே உங்களுக்கு வில்லங்கம் ஆகிவிட்டது. உங்கள் ரிப்போர்ட் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இங்கிலீஷ் எழுத்து உங்களுக்கு வாசிக்க வராது. நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். சும்மா சொல்வேனா? "போன தடவ அளவு போட்டிருந்தான், இந்தத் தடவ ஏன் போடல? 'பெரிய மாற்றமில்லை'ன்னா சின்ன மாற்றம் இருக்கா? கையெழுத்து வேற ஆளு கையெழுத்தா இருக்கே?" ஒரு ரிப்போர்ட்டையாவது நான் குறை சொல்லாமல் வாசித்ததுண்டா?

எனக்கு இந்தக் குணம் ஏன் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! கேட்கும்போதெல்லாம் இவரைத் திட்டுவீர்கள், அதற்காகவே மறுபடி மறுபடி சொல்வேன். நாம் பழகுவதற்கு முந்தின வருஷம் எனக்கு முதுகு வலி. ஸ்கேன் எடுத்தார்கள். இவர்தான் உள்ளே போய்விட்டு வந்து, "எலும்புத் தேய்மானம், வயசுக்கு வாரதுதான்" என்றார். மாசா மாசம் ஒரு மருந்து ஏற்றினார்கள், அதைச் சத்து மருந்து என்றார். ஐந்து மாசம் நானும் நம்பினேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்கினேன். பத்திரக் கட்டுகளைப் பரணில் ஏற்றினேன். வலி குறையவில்லை. அக்கம்பக்கத்தில் ஒருத்தி, எண்ணெய் போட்டு எலும்பை இழுத்துவிடுகிற வைத்தியரைச் சொன்னாள். "அங்கெல்லாம் போகாத" என்றார் இவர். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். இவருக்குத் தெரியாமல் போய்ப் படுத்தேன். அந்த ஆள் முழங்காலை முதுகில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். டப் என்று ஒரு சத்தம்.

விலா எலும்பு. அவசரப் பிரிவில் இருந்த சின்ன டாக்டர் என் பழைய பைலைப் புரட்டிவிட்டு, "ஏம்மா, எலும்புல கேன்சர் பரவியிருக்கறவங்க போயி இப்படி இழுத்துவிடச் சொல்லுவாங்களா?" என்று சத்தம் போட்டார். எனக்கு அப்படித்தான் தெரிந்தது, அக்கா. யாரோ ஒரு பையன் திட்டுகிற திட்டில். இவர் எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். "சொன்னா நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்" என்றார். தாங்க மாட்டேனாம்! ஒடிந்த எலும்பைத் தாங்கிக்கொண்டுதானே படுத்துக் கிடந்தேன்? அன்றைக்குப் போன நம்பிக்கைதான். அதற்குப் பிறகு இவர் மழை பெய்கிறது என்றாலும் நான் சன்னலைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன்.

அதனால் நேற்றும் விடவில்லை. "போனக் குடுங்க" என்றேன்.

"என்னத்துக்கு?"

"குடுங்கன்னா குடுங்க."

வாட்சாப் முழுக்கத் தேடினேன். அழித்ததையும் தேடினேன். கூட வேலை பார்க்கிறவர்கள் அனுப்பிய காலை வணக்கங்கள்தான் இருந்தன. "ஆறு பழம் என்ன கணக்கு?" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இங்க பாரு, உழவர் சந்தையில மலிவாப் போட்டான், வாங்கினேன். வீட்டுக்கு ஒரு பழம் வாங்கக்கூட நான் டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வரணுமா?" என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போய்விட்டார். பாவமாகத்தான் இருந்தது. வந்ததும் ஒரு பழத்தை உரித்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். அவர் தின்கிறபோதும் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் கதையைக் கேட்டு முடித்த ஒரு நாள்தான் நீங்கள், "ஏளா, சும்மா வயிறெரிஞ்சு என்ன ஆவும்? எழுதுத கைதான உனக்கு, எழுது" என்றீர்கள். மனு எழுதினேன். இரண்டே கோரிக்கை. வியாதியைப் பற்றி யாரிடம் சொல்லலாம் என்று வியாதிக்காரரிடமே முதலில் கேட்க வேண்டும். ரிப்போர்ட்டில் இருப்பதைத் தமிழில் நாலு வரி எழுதித் தர வேண்டும். கையெழுத்து வாங்கியது நீங்கள். தலைமுடி கொட்டி, ஒரு கை வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, வராந்தாவில் ஒரு பெண்ணையும் விடவில்லை. "வீட்டுக்காரர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றவளிடம், "கட்டி உனக்கா, ஒம் வீட்டுக்காரருக்கா?" என்று கேட்டீர்கள். அவள் அவசர அவசரமாகக் கைநாட்டு வைத்தாள்.

பெரிய டாக்டரம்மா நல்லவர்தான். நான்தான் அவரையும் நம்பவில்லை. மனுவை வாசித்துவிட்டு, "நாங்க மறைக்கணும்னு மறைக்கலம்மா. வீட்ல உள்ளவங்க வந்து கையைப் பிடிச்சுக்கறாங்க. சொன்னா தாங்க மாட்டாங்க டாக்டர்னு அழறாங்க. நாங்க என்ன பண்ண?" என்றார்.

நான் சட்டம் பேச வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "கடலுக்குப் போறவன்ட்ட காத்து எப்படி இருக்குன்னு சொல்லாம அனுப்புவியளா, டாக்டரம்மா? அவன் பயப்படுவான்னு? பயந்தாப் பயந்துட்டுப் போறான். போகணுமா, கரையில கெடக்கணுமான்னு அவந்தான முடிவு பண்ணணும்?"

அவர் சிரித்தார். சிரித்து அனுப்பிவிடுகிற சிரிப்பு என்று நான் நினைத்தேன். நாலைந்து மாசம் நடந்தோம். கடைசியில் பைலின் முதல் பக்கத்தில் ஒரு வரி வந்தது. விவரத்தை யாருக்குச் சொல்ல வேண்டும்: எனக்கு, என் வீட்டாருக்கு, இருவருக்கும். கீழே கையெழுத்து. நம் வாயை அடைக்கத்தான் அச்சடித்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு செவ்வாயும் பெஞ்சில் இருப்பவர்களிடம் விசாரித்தேன். சிலரிடம் கேட்டிருந்தார்கள். சிலருக்குக் கேட்காமலே டிக் போட்டிருந்தார்கள். அதற்கும் போய்ச் சண்டை போட்டோம். உங்கள் பைலில் நீங்களே பேனாவை வாங்கி, 'எனக்கு' என்பதில் தாள் கிழிகிற மாதிரி டிக் அடித்தீர்கள்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் புன்னக்காயல் தங்கச்சியைப் பற்றிச் சொன்னீர்கள். கூடப் பிறந்தவள், பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. உங்கள் அம்மாவின் அடக்கத்தன்று வாய்ச்சண்டை. யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால் சொல்ல மாட்டீர்கள். "அவளே வரட்டும். எனக்கென்ன கொறச்சல்? ஆனா ஒண்ணு, நாள் கம்மின்னு என்னைக்கித் தெரியுதோ அன்னைக்கே பஸ் ஏறிருவேன். அதுக்காவது எனக்குச் சொல்லணும்லா?" என்றீர்கள். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. உங்களுக்கு உண்மை தெரிய வேண்டியது எதற்காக என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அக்கா. தெரிந்துகொண்டுதான் அதைச் செய்தேன்.

சொல்லிவிடுகிறேன். உங்களிடம் பட்டன் போன்தான், அதனால் ரிப்போர்ட் மகள் போனுக்குத்தான் வரும். அவள் அச்செடுத்து உங்களிடம் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "சித்தி, அம்மா கவர எடுத்துக்கிட்டு உங்ககிட்டதான் வாராவ. ஈரல்ல வந்துருக்கு. நெறைய இடத்துல. கோயில்ல தம்பி கல்யாணத்தச் சொல்லி முதல் ஓலை வாசிச்சாச்சு, கல்யாணத்துக்கு நாலு வாரந்தான் இருக்கு. அதுவரைக்கும் அம்மா சிரிச்சுக்கிட்டு நடமாடட்டும், சித்தி. பெறகு நானே சொல்லிருதேன். உங்க காலப் புடிச்சுக் கேக்கேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மனு எழுதியவள் நான். "அவங்க பைல்ல என்ன டிக் அடிச்சிருக்காங்கன்னு போய்ப் பாரு" என்று ஒரு அதட்டுப் போட்டிருக்க வேண்டாமா? "சரிம்மா" என்றேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். மகள் அழுதாள் என்பது ஒரு சாக்கு. உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் நிஜம்.

நீங்கள் வந்து, என் கடையில் பத்திரம் எழுத வருகிறவர்கள் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். மூச்சு வாங்கியது. நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுக் கவரைக் கொடுத்தீர்கள். நான் வாசித்தேன். "நுரையீரல்ல முந்தி இருந்த மாதிரியே இருக்கு. மத்ததெல்லாம் சரியா இருக்கு."

"ஈரலு?"

"ஈரலும் நல்லாருக்கு, யக்கா."

"மறுபடி வாசி."

மறுபடியும் வாசித்தேன். இல்லாத வரிகளை, விரலை வேறு ஓட்டிக்கொண்டு. நல்லாருக்கு, நல்லாருக்கு. நீங்கள் தாளை வாங்கி மடித்து, கவருக்குள் போட்டு, "அப்பம் சரி" என்றீர்கள். டீ வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டீர்கள். ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பிவிட்டீர்கள் என்று நினைத்தேன். உங்களை ஏமாற்றிவிட்டேன் என்று ஒரு பக்கம் குறுகுறுத்தது. இன்னொரு பக்கம், வெட்கமாக இருக்கிறது சொல்ல, அப்பாடா என்று இருந்தது.

டாக்டரைப் பார்க்கிற நாளைக் கல்யாணத்துக்குப் பிறகு என்று மகள் தள்ளிப் போட்டாள். நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை. எதற்கும் ஏன் என்று கேட்கிற நீங்கள்! எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஊரில் உள்ளவர்களை எல்லாம் சந்தேகப்படுகிறவளுக்கு அன்றைக்குப் பார்த்து அது தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு உவரிக்கு வந்தேன். கிளிப்பச்சைப் பட்டுச் சேலையில், வீங்கிய கையை மாராப்பில் மறைத்துக்கொண்டு, வந்தவர்களை எல்லாம் "சாப்பிட்டியளா, சாப்பிட்டியளா" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் உங்கள் மூக்கையே அச்செடுத்த மாதிரி ஒரு அம்மாள், உங்களை விட்டு இம்மியும் நகராமல் நின்றாள். "யாருக்கா அது?" என்று கேட்டேன். "சொந்தந்தான். நீ சாப்பிடு மொதல்ல" என்று என் கையில் ஒரு லட்டை வைத்தீர்கள்.

அடுத்த செவ்வாய் டாக்டரம்மா உங்களிடமே சொன்னார். பைலில் அப்படித்தானே இருக்கிறது! நானும் பக்கத்தில் இருந்தேன். உங்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரிம்மா, இனி என்ன மருந்து?" என்று மட்டும் கேட்டீர்கள். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, அன்றைக்கு அப்படி வாசித்தியே என்று கேட்கவும் இல்லை. புது ஊசி இரண்டு தடவை போட்டார்கள். உடம்பு ஏற்கவில்லை. "ஒரு மாசம் முன்னாலயே ஆரம்பிச்சிருந்தா?" என்று டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதிலை இன்றைக்கு வரைக்கும் நான் நம்பவில்லை.

கடைசி நாட்களில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் எத்தனை தடவை வந்து உட்கார்ந்தேன். ஊர்க்கதை எல்லாம் பேசினோம். வலி மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கிறார்களா என்று நான் சீட்டை வாங்கிச் சரிபார்ப்பேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். நீங்கள் உடனே, "கொஞ்சம் வெந்நி எடுத்துட்டு வா" என்பீர்கள். வெந்நீரோடு வரும்போது உங்கள் கண் மூடியிருக்கும். தூக்கமா, நடிப்பா? எனக்குத் தெரியவில்லை. அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டீர்கள்.

அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்து வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தக் கல்யாண வீட்டு அம்மாள் வந்து பக்கத்தில் நின்றாள். "நீதான வில்லங்கம்? நான் அவ தங்கச்சி. புன்னக்காயலு" என்றாள்.

எனக்குக் குழாயை மூடத் தோன்றவில்லை. "எப்பம் பேசுனிய ரெண்டு பேரும்?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும். பதினோரு வருசம் கழிச்சு சாயந்தரம் வந்து வாசல்ல நிக்கா. கையில ஆசுபத்திரிக் கவரு. 'எனக்கு நாள் கம்மிளா, உள்ள வரட்டுமா'ன்னா."

"அவங்களுக்கு யாரு சொன்னாவ?"

"யாரும் சொல்லலன்னா. 'அந்தப் பிள்ள எதையும் சந்தேகப்படாம வாசிக்காது. நல்ல ரிப்போட்டுலயே நாலு குத்தம் சொல்லும். இன்னைக்கி ஒரு சந்தேகமும் படல, நல்லாருக்கு நல்லாருக்குன்னே வாசிச்சுது. அப்பமே தெரிஞ்சு போச்சு'ன்னா. நேரா அங்கன இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி எங்கிட்ட வந்துட்டா. கல்யாணம் முடியட்டும், பெறகு ஊசி போட்டுக்கிடலாம்னு அவளே சொல்லிட்டா."

நான் அழுதேனா, கத்தினேனா, ஞாபகம் இல்லை. "அப்பம் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றேன்.

"நானும் அதான் கேட்டேன். 'எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அது தாங்காதுளா, அதுக்கும் எலும்புல இருக்கு'ன்னா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வேற வாங்கிட்டா. இப்பம் அவளே போயிட்டா, இனி என்ன சத்தியம்?"

தாங்க மாட்டாள்! நீங்களுமா, அக்கா? எந்த வார்த்தையை ஒழிக்க வேண்டும் என்று வராந்தா வராந்தாவாக ஏறி இறங்கினோமோ, அதையே என்னைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் உங்களிடம் மறைத்தேன். எனக்குத் தெரியும் என்பதை நீங்கள் என்னிடம் மறைத்தீர்கள். கோபம் வருகிறது. உங்கள் மேல் எவ்வளவு, என் மேல் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. நீங்கள் என்னை நம்பியிருந்தால் அன்றைக்கு உவரி பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள், தங்கச்சி வீட்டு வாசலுக்குப் போயிருக்க மாட்டீர்கள். என்னை நம்பாமல் இருந்தீர்களே, அந்த மட்டுக்கும் புண்ணியம். ஆனால் அன்றைக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தெரிந்துகொண்டு, ஒன்றும் தெரியாத மாதிரி எழுந்து போனீர்களே. அந்த ரோட்டைத் தன்னந்தனியாகக் கடந்தீர்களே. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்குவதில்லை.

இன்றைக்குச் செவ்வாய். ரிப்போர்ட்டுக்குப் போயிருந்தேன். எனக்குப் பெரிய மாற்றமில்லை என்றார் டாக்டரம்மா. பெரிய என்றால் என்ன, சின்னதாக இருக்கிறதா என்று கேட்டு, படத்தைக் காட்டச் சொல்லி, அளவை எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். வெளியே பெஞ்சில் கங்கைகொண்டானில் இருந்து வந்த ஒரு அம்மாள் இருந்தாள். நம் வயசுதான். மகன் அங்கே ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன், லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். நான் ரிப்போர்ட் வாசித்துச் சொல்வேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க, தாயி" என்று நீட்டினாள். வாசித்தேன். உங்களுடையதைப் போலவே இருந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற மகன் இரண்டு கையையும் கூப்பி, வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவன் கண்ணெல்லாம் தண்ணீர்.

அவனைக் கூப்பிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "எல்லாத்தையும் சொல்லட்டுமா, நல்லத மட்டும் சொல்லட்டுமா?" என்று அவளைக் கேட்டேன். "எல்லாத்தையும்" என்றாள். சொன்னேன். ஈரலில் வந்திருக்கிறது, எத்தனை இடம், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும், ஒன்றையும் விடவில்லை. என் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் என் தோளில் சாய்ந்து, வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். நானும் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் ஓய்கிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை. அதைத்தான், அக்கா, நான் உங்களுக்குச் செய்யவில்லை.